மலையேறுவார்க்கு மணிக்கணக்கு

மலையேறுதல் காலின் வேலை என்பது பொதுவான எண்ணம். உண்மையில் அதன் பெரும்பகுதி, முந்திய நாள் வீட்டிலிருந்து தாளில் எழுதிப் பார்க்கும் கணக்கின் வேலையேயாகும். மாணவரை அழைத்துச் செல்ல விரும்பும் ஆசிரியர்களுக்கு இக்கணக்கு இன்றியமையாதது. ஏனெனில் அவர்கள் தம் உயிர்க்கு மட்டுமன்றிப் பிறர் பிள்ளைகளின் உயிர்க்கும் பொறுப்பேற்கின்றனர்.

மலாக்கா மாநிலத்து ஜாசின், அசகான் வட்டாரத் தோட்டங்களில் வாழ்வோர்க்கு லேடாங் மலை நாள்தோறும் கண்ணிற்படும் காட்சி. ஆங்கிலேயர் இதனை ஓஃபிர் மலை என்றனர். ஜொகூர் எல்லைக்குள் நிற்கும் இதன் உயரம் 1,276 மீட்டர். டான் சே யான் என்பார் 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் கண்டார். அத்தகைய தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழர் பலர் இம்மலையைப் பார்த்தே பொழுதை அறிந்திருப்பர். ஆயினும் பார்த்துப் பழகிய மலையும் ஏறும்போது புதிய மலையே என்பதை மறத்தலாகாது.

மலைவழியை முன்கூட்டி ஆராய்ந்து சொல்லும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், 583 அடிகளில், நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு வழி கூறுகிறது. புலவர் பெருங்கௌசிகனார் மலையின் அழகை மட்டும் பாடி நின்றாரல்லர். பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள வழியில் விடிந்தபின் செல்லுங்கள், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு ஒதுங்குங்கள், பாசி வழுக்கும் இடத்தில் பற்றுக்கோடு கொண்டு நடங்கள் என்றெல்லாம் அறிவுறுத்துகிறார். வழி கூடுமிடத்தில் பின்வருவோர் அறியப் புல்லை முடிந்து அடையாளமிடவும் சொல்கிறார். வழி, இடர், நேரம், பின்வருவோர் ஆகிய நான்கையும் அவர் எண்ணியிருத்தல் நோக்கத்தக்கது.

இவற்றுள் நேரத்தை எண்ணால் அளக்க முயன்றவர் ஸ்காத்லாந்து நாட்டு மலையேறியாகிய நைஸ்மித். 1892ஆம் ஆண்டில் அவர் ஒரு விதி கூறினார்: மூன்று மைல் நடைக்கு ஒரு மணி, அதனோடு, ஏறும் ஒவ்வோர் 2,000 அடிக்கும் மேலும் ஒரு மணி. அந்நாட்டின் மிகவுயர்ந்த பென் நெவிஸ் மலை 1,345 மீட்டர். நம் லேடாங் அதனினும் 69 மீட்டரே குறைந்தது. ஆகவே அவ்விதியை இங்குப் பொருத்திப் பார்த்தல் முறையே.

அடிவாரத்திலிருந்து ஏறவேண்டிய உயரம் ஏறத்தாழ 3,600 அடி என்றும், நடை மூன்று மைல் என்றும் கொள்வோம். உயரத்திற்கு 1 மணி 48 நிமிடம், நடைக்கு 1 மணி. ஆக மூன்று மணிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் இது புல்வெளி மலையில் நடக்கும் உரமிக்கவர்க்கு உரிய கணக்கு. நம் காட்டில் வேர்ப்பின்னலும் ஈரப்பாறையும் உண்டு. செங்குத்தான இடங்களில் ஏணியும் கயிறும் பற்றி ஏறவேண்டும். ஓர் ஏணியில் ஒருவர் ஏற, மற்றவர் காத்து நிற்பர். ஆகவே குழுவாகச் செல்வோர் ஐந்து மணி ஒதுக்குதல் நன்று.

இனித் திட்டத்தை எழுதுவோம். காலை 7.30க்குப் புறப்பாடு. 12.30க்கு உச்சி. அரைமணி உணவும் ஓய்வும். 1.00 மணிக்கு இறக்கம். களைத்த முழங்காலுக்கு இறக்கமும் எளிதன்று. அதற்கு நாலரை மணி கொள்க. மாலை 5.30க்கு அடிவாரம். ஸ்காத்லாந்தில் கோடைப் பகல் மிக நீண்டது. மாரிப் பகல் மிகக் குறுகியது. நமக்கோ ஆண்டு முழுதும் பகல் ஏறத்தாழப் பன்னிரண்டு மணியே. ஏழு மணியளவில் பொழுது சாயும். மரச்செறிவுக்குள் அதற்கு முன்பே இருள் கவியும். பிற்பகல் இடிமழையும் இங்கு இயல்பு.

இதிலிருந்து பெறப்படும் முடிவு ஒன்றே: திரும்பும் நேரத்தை வீட்டிலேயே உறுதி செய்தல் வேண்டும். ஒரு மணி அடித்ததும், உச்சி கண்முன் தெரியினும் திரும்புக. மூன்று மணிக்கு உச்சியை அடைந்தவன் உடனே இறங்கினும் அடிவாரம் சேர 7.30 ஆகும், கடைசிப் பகுதி முழுவதும் இருளில் கழியும். களைப்பும் ஆசையும் கூடிய வேளையில் மனம் நேர்மையாகக் கணக்கிடாது. அதனாலேயே கணக்கை முன்னரே முடித்து வைக்கிறோம். குழுவின் வேகமும் முன்னே ஓடும் இளைஞனின் வேகமன்று. கடைசியாக வரும் பிள்ளையின் வேகமே. பொறுப்பான ஒருவர் எப்போதும் கடைசியில் வருதல் வேண்டும்.

நீர் அடுத்த கவலை. இயற்கை நூலறிஞர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854ஆம் ஆண்டில் இம்மலை ஏறினார். பாடாங் பத்து என்னும் பாறைவெளியில் நீர் கிடைக்கும் என்று கேட்டு வந்தவர், அங்கு நீரின்றித் தவித்தார். முடிவில், பூச்சிகள் விழுந்து கிடந்த குடுவைச் செடியின் நீரைக் குடித்தே அவர் குழுவினர் தாகம் தணித்தனர். இச்செய்தியை 1869இல் வெளியான தம் நூலில் அவரே எழுதியுள்ளார். செவிவழிச் செய்தியை நம்பி நீரைக் குறைத்துக்கொள்ளலாகாது; ஆளுக்கு மூன்று லிட்டர் சுமந்து செல்க.

பிடிப்புள்ள ரப்பர்ச் சப்பாத்து, அட்டைக்கு நீண்ட காலுறை, மழைச்சட்டை, மாற்றுடை, டார்ச் லைட் ஆகியன ஒவ்வொருவர் பையிலும் இருத்தல் வேண்டும். உச்சியில் வெப்பம் அடிவாரத்தைவிட ஏழு பாகை வரை குறையும்; நனைந்த உடம்புக்கு அது கடுங்குளிர். உரிய அலுவலகத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியுடன் மட்டுமே ஏறுக. திரும்பும் நேரத்தை வீட்டாரிடமும் எழுதிக் கொடுத்துச் செல்க. முதன்முறை ஏறுவோர் மலாக்கா நகரை அடுத்த புக்கிட் பெருவாங் போன்ற சிறு குன்றில் தம் வேகத்தை அளந்து பார்த்தல் நலம்.

ஆசிரியர்கள் இக்கணக்கைத் தாமே போட்டு முடிக்காமல் கரும்பலகையில் எழுதி, மாணவரைக் கொண்டே போடச் செய்யலாம். தாமே கணித்த நேரத்திற்குத் திரும்ப மாணவர் முணுமுணுக்கமாட்டார். இன்று எட்டாத உச்சியை மற்றொரு நாள் காணலாம். அழைத்துச் சென்ற பிள்ளைகள் அனைவரும் பொழுதோடு வீடு சேர்தலே அந்த நாளின் வெற்றி.