காவற் புரதமும் வாய்ப்புற்றும்

கலம் பிரியுமுன் அதன் பரம்பரைப் பொருளிற் பழுதுண்டாயின் பிரிவை நிறுத்துவதும், பழுது தீராவிடின் அக்கலத்தையே மாய்ப்பதும் பி53 என்னும் புரதத்தின் தொழிலாகும். 1979இல் அறியப்பட்ட இப்புரதம் முதலிற் புற்றுநோயை வளர்ப்பதென்றே கருதப்பட்டது. அதனைத் தடுப்பதேயென்பது 1989இல் தெளிவாயிற்று. மனிதப் புற்றுநோய்களுள் ஏறக்குறையப் பாதியில் இதன் பரம்பரையலகு விகாரமுற்றுள்ளது. காவலன் வீழ்ந்தபின் பழுதுற்ற கலங்கள் கட்டின்றிப் பெருகுகின்றன.

இலங்கை ஆடவரிடை மிகுந்து காணப்படும் வாய்ப்புற்றுக்கு வெற்றிலையொடு பாக்கும் புகையிலையும் மெல்லும் வழக்கம் தலையாய காரணமாம். இவற்றிலுள்ள நச்சுப்பொருள்கள் இப்பரம்பரையலகையும் சிதைக்க வல்லன. புகையிலை சேராத பாக்கும் புற்று விளைப்பதே. யாழ்ப்பாணப் புகையிலையாற் பெயர்பெற்ற நம்மவர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். மங்கலத் தட்டில் தாம்பூலம் இருக்கலாம். வாயில் அது தங்கலாகாது. ஆறாப் புண்ணோ வெண்படலமோ வாயிற் காணின், நோவில்லையென்று வாளாவிராது மருத்துவரை நாடுக.