அந்தத் தாயிடம் யாரும் கேட்கவில்லையா?

புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் வீதியோரக் கிராமமொன்றில் எமது மகளிர் குழு மாதம் ஒருமுறை கூடும். சேமிப்புக் கணக்குப் பார்த்து, கடன் தவணை குறித்து, தேநீர் குடித்துக் கலைவதே வழமை. அண்மையில் ஒரு சனிக்கிழமை மட்டும் கணக்குக் கொப்பியை மூடிய பின்னர் என் கைத்தொலைபேசியை மேசையில் வைத்து ஒரு நிகழ்ச்சியைப் போட்டேன்.

பொட்காஸ்ட் என்பது வானொலி நிகழ்ச்சி போன்றதுதான். வேலை முடித்து, நமக்கு நேரம் கிடைக்கும்போது கேட்கலாம் என்பதே வித்தியாசம். நான் போட்டது எழுத்தாளர் மல்கம் கிளட்வெல் 2016 இல் ஆரம்பித்த 'ரிவிஷனிஸ்ட் ஹிஸ்டரி'. பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்ட சம்பவமொன்றை மீண்டும் எடுத்துப் பார்ப்பது அதன் வழி. ஆங்கிலத்தில் உள்ளதால் இடையிடையே நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன்.

2017 இல் வந்த அந்த அத்தியாயம் ஒரு பாடசாலை வழக்கைப் பற்றியது. கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் வெவ்வேறு அரச பாடசாலைகளில் பிரித்து வைப்பது சட்டவிரோதம் என 1954 மே 17 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்காளிகளில் ஒருவர் டொபேக்கா நகரச் சிறுமி லிண்டா பிரவுணின் தந்தை. வீட்டுக்குக் கிட்ட ஒரு பாடசாலை இருந்தும், தூரத்திலிருந்த கறுப்பினப் பாடசாலைக்கே அவள் போகவேண்டியிருந்தது. உலகம் கொண்டாடும் தீர்ப்பு அது. ஆனால் லிண்டாவின் தாய் லியோலா பிற்காலச் செவ்வியொன்றில் சொன்னது வேறு. மகள் படித்த பாடசாலை நல்ல பாடசாலை, ஆசிரியைகள் மிகத் திறமைசாலிகள். நிறத்தைக் காட்டி அருகிலிருந்த கதவை மூடியதுதான் குறை. நீதிமன்றமோ, பிரித்து வைப்பதால் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தாழ்வுணர்ச்சி ஏற்படுகிறது என்பதையே பெரிதாக எடுத்துக்கொண்டது. பின்னர் பாடசாலைகள் ஒன்றிணைந்தபோது கறுப்பின ஆசிரியர்களுக்கு இடமில்லாமற் போயிற்று. தீர்ப்பு வருமுன்பே, 1953 இல், டொபேக்கா ஆசிரியை ஒருவருக்கு அவ்வாறான எச்சரிக்கைக் கடிதம் போய்விட்டது. 1965 வரையில் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் அதிபர்களும் வேலையிழந்தனர் என மதிப்பிடப்படுகிறது.

முடிந்ததும் சற்று நேரம் யாரும் பேசவில்லை. அமெரிக்கக் கதை இவர்களுக்கு எதற்கு என்று நினைத்துவிட்டார்களோ என எனக்குள் ஒரு பயம். மன்னாரிலிருந்து வந்த மூத்த ராத்தாதான் முதலில் வாய் திறந்தார்.

"அந்தத் தாய்க்கிட்ட யாரும் கேக்கல்லியா மகள்?"

அதன் பின்னர் கூட்டம் அமெரிக்காவில் நிற்கவில்லை.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30 ஆம் திகதி, கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார்த்தீவு மக்கள் கடல் வழியாகக் கற்பிட்டியில் வந்திறங்கினர். நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது இவ்வளவும் ஒரு பந்தியில் முடிந்துபோனது. அது பிழையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பந்தியில் இருப்பவர்கள் 'வெறுங்கையுடன் வந்த அகதிகள்' மாத்திரமே.

ராத்தாவுக்குப் பிடிக்காத சொல்லும் அதுதான். ஊரில் அவருக்குச் சீதனமாக எழுதிய கல்வீடு இருந்தது. உறுதி அவர் பெயரில். இங்கே கிடுகுக் கொட்டிலுக்கு வந்ததும் நிவாரணக் காட் கணவரின் பெயரில் கிடைத்தது. வீட்டுக்காரியாக வாழ்ந்தவர் ஒரே வாரத்தில் குடும்ப அங்கத்தவர் இலக்கம் இரண்டானார். "வெறுங்கையோட வரல்ல. எங்கட கைய வெறுங்கையாக்கித்தான் அனுப்பினாங்க" என்றார்.

அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் இந்த ஊரிலேயே பிறந்தவர். அவர் முகம் சற்று மாறியது. அந்த நாட்களில் தமது உம்மா பெரிய சட்டியில் சோறு சமைத்து வந்திறங்கிய சனத்துக்குக் கொடுத்ததையும், தமது பாடசாலை வகுப்பறைகளில் குடும்பங்கள் படுத்திருந்ததையும் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி மற்றதையும் சொன்னார். கிணற்றடியில் வரிசை நீண்டது. வெங்காயத் தோட்டத்துக் கூலி வேலைக்குப் போட்டி வந்தது. சாமான் லொறி முகாமுக்கே போனது. "நாங்க தாறதத் தந்தம். அதையும் எழுதல்ல, எங்களுக்கு வந்த கஷ்டத்தையும் எழுதல்ல."

இரு தரப்பும் ஒரே அறையில் இருந்துகொண்டு இதைப் பேசியதை நான் முன்னர் கேட்டதில்லை. முகாம்களில் வேலை செய்யும் எம் போன்றோர் 'நல்லிணக்கம்' என்று தலைப்பிட்டுக் கூட்டம் வைத்தால், எல்லோரும் நல்லதை மட்டும் பேசிவிட்டுப் போவார்கள்.

நிகழ்ச்சியைப் பற்றி மிகவும் கண்டிப்பான கருத்துச் சொன்னவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு மாலை நேர வகுப்பிலும், பிறகு தனிப் பாடசாலையிலும் படிப்பித்தவர். "இவர் அழகாகச் சொல்கிறார், அதுதான் எனக்குப் பயம்" என்றார். இதைக் கேட்கும் ஒருவர், அப்படியானால் பிள்ளைகளைப் பிரித்தே வைத்திருக்கலாம் என்று முடிவெடுத்தால் என்ன செய்வது என்பது அவர் கேள்வி. தனிப் பாடசாலை இருந்ததால்தான் தமக்கும் தம்முடன் வந்த ஆசிரியைகளுக்கும் தொழில் இருந்தது என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அதே பாடசாலையைச் சுற்றுவட்டாரமே 'அகதிப் பள்ளிக்கூடம்' என்றது. அந்தப் பெயரைச் சுமந்தவர்கள் பிள்ளைகள். இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி மற்றதை விடக்கூடாது என்றார். கிளட்வெல் பிரித்து வைத்ததை நியாயப்படுத்தவில்லை என்று நான் விளக்கினேன். "உங்களுக்கு விளங்குது மிஸ், எல்லாருக்கும் விளங்குமா?" என்று கேட்டுவிட்டார். பதில் என்னிடம் இருக்கவில்லை.

இன்னொருவர் கேட்டது மேலும் நேரானது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் அன்ரன் பாலசிங்கம், வெளியேற்றம் அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டார். 2011 இல் பிரஜைகள் ஆணைக்குழு வடபுல முஸ்லிம்கள் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. சரித்திரத்தைத் திருத்தியாயிற்று, காணி கிடைத்ததா? போர் முடிந்த 2009 இன் பின்னர் திரும்பிப் போன தமது தம்பிக்குக் காடு மூடிய வளவுதான் மிஞ்சியது என்றார்.

கடைசியாகப் பேசியது மூத்த ராத்தாவின் பேத்தி. இங்கே பிறந்து இங்கேயே படித்தவள். இங்கே யாரும் ஊர் கேட்டால் மன்னார் என்பாளாம், மன்னாருக்குப் போனால் புத்தளம் என்பாளாம். வெள்ளைக்காரர் நடத்தும் நிகழ்ச்சி எதற்கு, உம்மம்மா பேசுவதை நானே பதிவு செய்கிறேன் என்று தொலைபேசியை எடுத்தாள். கிளட்வெலின் தாயார் ஜமெய்க்காவைச் சேர்ந்த கறுப்பினப் பெண் என்று நான் சொன்னதும், "அப்ப அவருக்கும் ரெண்டு ஊர்தான்" என்றாள்.

ராத்தா உடனே சம்மதிக்கவில்லை. தனியாகப் பேசமாட்டாராம். பக்கத்து வீட்டுக்காரியும் கூட இருக்கவேண்டுமென்றார். இருவரும் பாயில் அமர்ந்தார்கள். பேத்தி பொத்தானை அழுத்தினாள்.

"நாங்க வள்ளத்தால இறங்கக்குள்ள அசர் நேரம். மழ இல்ல" என்று ராத்தா தொடங்கினார்.

"என்ன சொல்றீங்க ராத்தா, நல்ல மழ! எங்கட உம்மா குடையோட வந்தது எனக்கு நல்லா ஞாபகம்" என்றார் மற்றவர்.

பேத்தி பதிவை நிறுத்தவில்லை.