பயிற்றுநரை மாற்றினால் வெற்றி வருமா?

2010ஆம் ஆண்டு டிசம்பர் முதலாம் நாள், ஜகார்த்தா நகரில் சுசுகி கிண்ணக் காற்பந்துப் போட்டியின் முதல் ஆட்டம் ஒன்று நடைபெற்றது. அதில் மலேசியா, இந்தோனேசியாவிடம் 1-5 எனும் கோல் எண்ணிக்கையில் படுதோல்வி அடைந்தது. இத்தகைய தோல்விக்குப் பின் எந்த நாட்டிலும் முதலில் எழும் குரல், ‘பயிற்றுநரை மாற்றுங்கள்!’ என்பதே. எனினும், தலைமைப் பயிற்றுநர் கே. ராஜகோபால் அணியோடு தொடர்ந்தார். அதே மாதம் 29ஆம் நாள், அதே ஜகார்த்தா நகரில், மலேசியா அக்கிண்ணத்தை முதன்முறையாகக் கைப்பற்றியது.

அப்படியென்றால், தோற்கும் அணி தன் பயிற்றுநரை எப்போதும் வைத்துக்கொள்ள வேண்டுமா? இக்கேள்விக்கு விடை காண, முதலில் பழி ஏன் பயிற்றுநர் மீது விழுகிறது என்பதை அறிய வேண்டும். ஓர் அணியில் இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் இருப்பர். பருவத்தின் நடுவில் அவர்கள் அனைவரையும் மாற்ற முடியாது. பயிற்றுநரோ ஒருவர். யாரைக் களமிறக்குவது, எந்த வியூகத்தில் ஆடுவது என்பவற்றை முடிவு செய்பவரும் அவரே. ஆகவே, நிர்வாகம் எளிதாக எடுக்கக்கூடிய நடவடிக்கை அவரை நீக்குவதுதான்.

சில வேளைகளில் இம்மாற்றம் நற்பயன் தருகிறது. 2021ஆம் ஆண்டு ஜனவரி மாதம், இங்கிலாந்தின் செல்சி குழு லீக் பட்டியலில் ஒன்பதாம் இடத்தில் இருந்தது. நிர்வாகம் ஃபிராங்க் லேம்பார்டை நீக்கிவிட்டு, தோமஸ் துக்கெலை நியமித்தது. அவர் தற்காப்பின் நடுவில் மூவரை நிறுத்தும் முறையைக் கொண்டு வந்தார். கோல் விழுவது குறைந்தது. நான்கே மாதங்களில் அக்குழு ஐரோப்பிய வெற்றியாளர் கிண்ணத்தை வென்றது. ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் அவர்களேதான், ஆட்டமுறைதான் மாறியது.

ஆனால், மாற்றத்திற்குப் பின் வரும் எல்லா வெற்றிகளும் புதிய பயிற்றுநரால் வருபவை அல்ல. பயிற்றுநர் பெரும்பாலும் எப்போது நீக்கப்படுகிறார்? அணி மிகவும் தாழ்ந்த நிலையில் இருக்கும்போதுதான். முன்னணி ஆட்டக்காரர்களின் காயம், கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்துகள் போன்றவையும் அத்தாழ்வுக்குக் காரணமாக இருக்கலாம். காயம் ஆறியதும் பழைய பயிற்றுநரின் கீழும் அணி மீண்டு எழுந்திருக்கக்கூடும். மேலும், ஒவ்வொரு மாற்றத்திற்கும் விலை உண்டு. ஒப்பந்தம் முடியுமுன் நீக்கினால் இழப்பீடு தர வேண்டியிருக்கும். புதியவரின் முறையைக் கற்றுக்கொள்ள ஆட்டக்காரர்களுக்குக் காலமும் தேவை.

பொறுமையின் பயனுக்கு மென்செஸ்டர் யுனைடெட் சிறந்த சான்றாகும். அலெக்ஸ் ஃபெர்குசன் 1986ஆம் ஆண்டு நவம்பரில் அக்குழுவில் பொறுப்பேற்றார். மூன்று ஆண்டுகள் கடந்தும் கிண்ணம் எதுவும் கிட்டவில்லை. 1989/1990 லீக் பருவத்தில் அக்குழு 13ஆம் இடத்தையே பெற்றது. ரசிகர்கள் கொதித்தனர், நிர்வாகம் காத்திருந்தது. அப்பருவத்தின் இறுதியில் எஃப்.ஏ. கிண்ணம் கிடைத்தது. 2013ஆம் ஆண்டு அவர் ஓய்வு பெற்றபோது, 13 லீக் வெற்றிகள் அக்குழுவின் பெயரில் சேர்ந்திருந்தன.

அதற்காக, எல்லாப் பொறுமையும் பலன் தரும் என்று கூற இயலாது. 2015ஆம் ஆண்டு, உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் மலேசியா ஜூன் மாதம் பாலஸ்தீனத்திடம் 0-6 எனத் தோற்றது. அதே பயிற்றுநருடன் அணி தொடர்ந்தது. செப்டம்பரில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0-10 எனத் தோற்றது. அதன்பின் பயிற்றுநர் பதவி விலகினார். அடுத்தடுத்த தோல்விகள் குறை களையப்படவில்லை என்பதைக் காட்டும்போது, மாற்றத்தைத் தள்ளிப்போடுவது அணிக்கே தீங்காகும்.

ஆகவே, முடிவெடுப்பவர்கள் கோல் எண்ணிக்கையை மட்டும் பார்க்கக்கூடாது. மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். முதலாவது, தோல்விக்குக் காரணம் பயிற்றுநரின் திட்டமா, அல்லது அவர் கட்டுப்பாட்டில் இல்லாத வேறொன்றா? இரண்டாவது, ஆட்டக்காரர்கள் இன்னும் அவர் சொல்லை நம்பி உழைக்கிறார்களா? மூன்றாவது, ஒரு முறை செய்த பிழை அடுத்த ஆட்டத்தில் திருத்தப்படுகிறதா? இவற்றுக்கு நல்ல விடை கிடைத்தால், அவருக்குக் காலம் கொடுப்பதே அறிவுடைமை. இல்லையேல், நன்றி கூறி விடை கொடுப்பதே முறை.

2010ஆம் ஆண்டு மலேசிய அணியை இக்கேள்விகளோடு பார்ப்போம். அதற்கு முந்தைய ஆண்டில்தான் ராஜகோபால் வழிநடத்திய இளம் அணி, லாவோஸ் சீ விளையாட்டுப் போட்டியில், 20 ஆண்டுகளுக்குப் பின் தங்கம் வென்றிருந்தது. அவ்விளைஞர்கள் பலர் சுசுகி கிண்ண அணியிலும் இருந்தனர். 1-5 தோல்விக்குப் பின் தற்காப்பு இறுகியது. தாய்லாந்துடன் 0-0 எனச் சமநிலை கண்ட அணி, அரையிறுதியின் இரண்டு ஆட்டங்களிலும் வியட்நாமை ஒரு கோல் கூடப் போடவிடவில்லை. இறுதிச்சுற்றில், புக்கிட் ஜாலில் அரங்கில் இந்தோனேசியாவை 3-0 என வீழ்த்தியது. ஜகார்த்தாவில் 1-2 எனத் தோற்றாலும், மொத்தக் கணக்கில் 4-2 என வாகை சூடியது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பர். ஓர் இரவின் தோல்வியைக் கொண்டு ஒருவரின் பல ஆண்டு உழைப்பை எடைபோடுவது நியாயமாகாது. அணியை நேசிக்கும் ரசிகர்களும் ‘யாரை நீக்கலாம்?’ என்று கேட்பதற்கு முன், ‘ஏன் தோற்றோம்?’ என்று கேட்டுப் பழக வேண்டும்.