பிள்ளைகளோடு ஒரு மலை நடை

நடை எங்களுக்குப் புதிதல்ல. தலையில் ஒரு மூட்டை, இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் இன்னொரு பிள்ளை என்று ஊர் ஊராக நடந்தவர்கள் எங்கள் பெண்கள். ஆனால் பிள்ளைகளோடு சிரித்துக் கதைத்துக்கொண்டு, இடம் பார்ப்பதற்கென்றே நடந்த நாட்கள் எத்தனை? கடந்த பாடசாலை விடுமுறையில் எங்கள் குடும்பத்துக்கு அப்படி ஒரு நாள் வாய்த்தது. அதைச் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்கிறேன்.

என் கணவரின் பெற்றோர் 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்து குடியேறியவர்கள். அவருடைய சித்தி இன்றும் நுவரெலியாவுக்கு அருகே ஒரு தோட்டத்தில் இருக்கிறார். அங்கே தங்கியதால் விடுதிச் செலவு இல்லை. நாங்கள் இருவரும், ஒன்பது வயது மகன், ஐந்து வயது மகள், என் அம்மா என ஐந்து பேரும் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனோம்.

இச்சமவெளி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீற்றர் உயரத்தில் உள்ளது. 1988இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டோடு சேர்த்து உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் இங்கிருந்து நீர் போகிறது. திருகோணமலையில் கடலோடு சேரும் மகாவலிக்கு இந்தச் சின்ன நீரோடைகளும் தாய்தான் என்று சொன்னபோது மகன் குனிந்து தண்ணீரைத் தொட்டுப் பார்த்தான்.

காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் மூடுபனி எழுந்து மலையை மறைத்துவிடும். அதனால் விடியுமுன்பே புறப்பட்டோம். சித்தி ரொட்டியும் சம்பலும் கட்டித் தந்தார். வாசலில் பைகளைப் பார்த்து, பொலித்தீன்களை எடுத்துவிடுகிறார்கள். உணவைச் சாப்பாட்டுப் பெட்டியில் கொண்டுபோவது நல்லது. உள்ளே போனதும் புல்வெளியில் ஒரு மரை நின்றது. மகள் வாயில் கைவைத்தபடி நின்றுவிட்டாள்.

சிறிது தூரத்தில் ஒரு பலகை. பாதையை விட்டு விலக வேண்டாம் என்று எழுதியிருந்தது. அதை வாசித்த மகன் சட்டென்று தங்கையின் கையை இறுகப் பிடித்தான். "அம்மா, கரையில மிதிவெடி இருக்கோ?" என்றான். முகமாலைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகளைக் காட்டி நான் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

"இல்லை ராசா. இது புல்லையும் பூவையும் நாங்கள் மிதிக்காமல் இருக்கிறதுக்கு" என்றேன்.

"அப்ப, எங்களால புல்லுக்குத்தான் பயமோ?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்துவிட்டோம். அதன் பிறகு அவன் தங்கையின் கையை விட்டுவிட்டுத் துள்ளிக்கொண்டு முன்னால் போனான்.

சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று சுற்றிவரும் பாதை ஏறக்குறைய ஒன்பதரைக் கிலோமீற்றர். உலக முடிவில் மலை 800 மீற்றருக்கும் மேல் செங்குத்தாக இறங்குகிறது. பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி, விளிம்புக்குத் தள்ளியிருந்தே பார்த்தோம். அங்கே அமர்ந்து ரொட்டி சாப்பிடும்போது அம்மா சொன்னார்: "அப்ப நடக்கேக்க எவ்வளவு தூரமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது பிள்ளை. இண்டைக்கு எத்தினை கிலோமீற்றரெண்டு தெரியும். திரும்பிப் போக வீடும் இருக்கு." 2009க்குப் பின் அந்த நடையைப் பற்றி அம்மா வாய் திறந்தது அன்றுதான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பும்போது மகள் களைத்துவிட்டாள். கணவர் தோளில் தூக்கிக்கொண்டார். பெரியவர்கள் மூன்று மணித்தியாலத்தில் முடிக்கும் நடை எங்களுக்கு ஐந்து மணித்தியாலம் எடுத்தது. சின்னக் கால்களின் வேகத்துக்கு நாங்கள்தான் இறங்கி வரவேண்டும்.

போக விரும்பும் தாய்மாருக்குச் சில குறிப்புகள்: காலையில் கடும் குளிர், பின்பு வெயில். ஆகவே கழற்றக்கூடிய விதமாக இரண்டு மூன்று உடுப்புகளும் தொப்பியும் அணிவியுங்கள். வழுக்காத சப்பாத்து வேண்டும். வாசலிலேயே பிள்ளைகளை மலசலகூடத்துக்கு அழைத்துச் சென்றுவிடுங்கள். தண்ணீர்ப் போத்தலை மறக்க வேண்டாம். பிள்ளை களைத்தால் சின்ன உலக முடிவோடு திரும்பினாலும் குறையில்லை.

மலைக்குப் போகப் பணமும் வசதியும் எல்லோருக்கும் இராது. இரணைமடுக் குளக்கட்டு இருக்கிறது. உங்கள் ஊரிலும் ஒரு குளமோ கடற்கரையோ இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சோற்றைக் கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு நடந்து பாருங்கள். ஓடுவதற்காக அல்லாமல் மகிழ்வதற்காகவும் நடக்கலாம் என்பதை எங்கள் பிள்ளைகள் எங்களிடமிருந்துதான் அறிய வேண்டும்.