கருவிகள் காப்பாற்றுமா? – 14: நைந்த புடவை

வங்கதேசத்துக் குழாய்க் கிணறுகள், ஆர்செனிக், சிவப்பு வர்ணம் எல்லாம் சென்ற வாரம் பார்த்தாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் சூரிய விளக்கு என்று சொல்லியிருந்தேன். குறிப்புகளும் தயார். செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு புடவை வந்து வழிமறித்துவிட்டது.

பருத்திப் புடவை. அதுவும் கரித்துணியாகப் போவதற்கு ஒரு படி முன்னால் இருப்பது.

காலரா கிருமியின் அகலம் ஒரு மைக்ரானைக்கூட எட்டாது. அதைத் துணியில் வடிகட்டுவது மீன் வலையில் கடுகு அள்ளுகிற கதை. ஆனால் ரீட்டா கால்வெல் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ஒன்றைக் கவனித்திருந்தார். குளத்து நீரில் அந்தக் கிருமி கோபிபாட் என்கிற, இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான பொடி உயிர்களின் மேல் கூட்டமாகத் தொற்றிக்கொண்டு திரிகிறது. பயணியைப் பிடிக்க முடியாது, சரி, பஸ்ஸை மறிக்கலாமே!

வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் 65 கிராமங்களை எடுத்துக்கொண்டு, அன்வர் ஹக் முதலானவர்களோடு சேர்ந்து சோதித்தார். சில கிராமங்களில் பெண்கள் புடவையை நான்காக மடித்துக் குடத்து வாயில் போட்டுத் தண்ணீர் மொண்டார்கள். 2003-இல் முடிவு வெளிவந்தது. அந்த வீடுகளில் காலரா 48 சதவீதம் குறைந்திருந்தது.

என்னைத் தூங்கவிடாத விஷயம் இனிமேல்தான். புதுப் புடவை அவ்வளவு உதவாது. துவைத்துத் துவைத்து நூல் பிரிந்து, இழை பூத்து, கண்கள் சுருங்கி 20 மைக்ரான் அளவுக்கு வந்தால்தான் கோபிபாட் சிக்கும். எழுந்து போய் அலமாரியில் இருந்த பழைய வேட்டியை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அம்மா தெருக்குழாய் வாயில் கட்டுவதற்குப் புதுத்துணி தரவே மாட்டாள். சிக்கனம் என்று நினைத்திருந்தேன். சிக்கனம்தான், ஆனாலும்.

புடவையைக் கொண்டாடிவிட்டுப் போகவும் முடியாது. பாதிக் காலரா அப்படியேதான் இருந்தது. குழாய்க் கிணற்று நீரில் கரைந்த ஆர்செனிக் எந்தத் துணிக்கும் நிற்காது. குளத்துக் கிருமிக்குப் பயந்துதான் குழாய்க் கிணறே தோண்டினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாறு வருடம் கழித்து மறுபடி போய்ப் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற பெண்களில் 31 சதவீதம் பேர் இன்னும் வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். ஒப்பீட்டுக்காக எதுவும் கற்றுத்தராமல் விட்டிருந்த வீடுகளிலும் 26 சதவீதம் பேர்! எனக்கு 31-ஐவிட இந்த 26-தான் பிடித்திருக்கிறது. பக்கத்து வீட்டைப் பார்த்துச் செய்திருப்பார்கள் போலிருக்கிறது. ஸ்பேர் பார்ட்ஸ் வேண்டாம், மெக்கானிக் வேண்டாம். கொடியில் கிடக்கிறது கருவி.

உதவி ஆசிரியர் மூன்றாவது முறையாக அழைக்கிறார். சூரிய விளக்கை அடுத்த வாரம் ஏற்றுவோம். பேட்டரி தீர்ந்துபோனால் அதை யார் எடுத்துக்கொண்டு எந்த ஊருக்கு நடப்பது என்பதிலிருந்து.

(தொடரும்)