பயறு வெந்த பிறகுதான் புளி

பங்குனி உற்சவத்தில் ஸ்ரீரங்கம் நம்பெருமாள் காவிரியைக் கடந்து, திருச்சி - கரூர் சாலையில் உள்ள ஜீயபுரத்துக்கு வருகிறார். காவிரிக்குப் போன பேரன் ரங்கனைக் காணாமல் ஒரு பாட்டி "ரங்கா, ரங்கா" என்று கதற, பெருமாளே பேரன் வடிவில் வந்து அவள் போட்டதைச் சாப்பிட்டாராம். நிஜப் பேரன் வந்து நின்றதும் இவர் மறைந்துவிட்டாராம். அந்த ஞாபகத்தில் ஜீயபுரம் மண்டபத்தில் அவருக்குப் பழைய சோறும் மாவடுவும். அக்காரவடிசல் சாப்பிடுகிற வாய்க்கும் ஒரு மாறுதல் வேண்டாமா!

அந்தப் பாட்டியுடையதைப் போல, பாலும் நெய்யும் எட்டாத அடுப்பில்தான் நம் குழம்புகளில் பாதி பிறந்தன. விலங்கிலிருந்து வருவது எதுவும் வேண்டாம் என்போர் 1944-ல் இங்கிலாந்தில் வீகன் சங்கம் ஆரம்பித்தார்கள். இன்று அந்தக் கொள்கையைக் கடைப்பிடிக்க நினைப்பவர்கள் பாதாம் பாலையும் டோஃபுவையும் தேடி அலைகிறார்கள். தட்டைப்பயறு கத்திரிக்காய்க் குழம்பில் நீக்குவதற்கு ஒன்றுமே இல்லை.

நாலு பேருக்கு 100 கிராம் பயறு போதும். வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து வேகவைப்பது ஒரு வழி. எனக்கு ராத்திரியே ஊறப்போடுவதுதான் பிடிக்கும். ஊறுகிற தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்பு. உப்புப் போட்டால் வேகாது என்று பெரியவர்கள் அடித்துச் சொல்வார்கள். உண்மை நேர்மாறு: பயற்றின் தோலை இறுக்கி வைத்திருப்பது கால்சியம், அதன் இடத்தை உப்பிலிருக்கும் சோடியம் பிடித்துக்கொள்வதால் தோல் இளகிவிடும். போர் தண்ணீரில் வேகவைத்தால் பயறு முரண்டு பிடிப்பதும் அதே கால்சியத்தால்தான். காவிரித் தண்ணீர் குழாயில் வரும் வீட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

வேகாமல் அடம்பிடிக்க வைக்கும் இன்னொரு ஆசாமி புளி. புளிப்பு ஏறிய தண்ணீரில் தோல் கெட்டிப்பட்டு நிற்கும். எத்தனை விசில் விட்டாலும் நறுக் நறுக்கென்று பல்லில் படும். ஆகவே, விரலால் நசுக்கினால் மாவாக மசிகிற பதம் வரும்வரை புளிப்பாத்திரத்தைத் தொடாதீர்கள்.

பயறு வேகிற நேரத்தில் நல்லெண்ணெயில் இரண்டு ஸ்பூன் மல்லி, நாலு வற்றல் மிளகாய், அரை ஸ்பூன் மிளகு, கொஞ்சம் சீரகம் வறுத்து, இறக்கும்போது ஒரு பிடி தேங்காய்த்துருவலைப் போட்டுப் பிரட்டி அரைக்க வேண்டும். மிளகாய் வந்து சில நூற்றாண்டுதான் ஆகிறது. பெருமாள் கோயில் மடப்பள்ளிகள் இன்னும் மிளகை விடவில்லை, நீங்களும் விடாதீர்கள்.

சட்டியில் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, பிஞ்சுக் கத்திரிக்காயை நிறம் மாறும்வரை வதக்குங்கள். நெல்லிக்காயளவு புளியின் கரைசல், மஞ்சள்தூள், உப்பு. பச்சை வாசனை போனதும் பயறும் அரைத்த விழுதும். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து மினுமினுத்தால் இறக்கிவிடலாம். சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கிச் சேர்க்கிற வீடுகள் உண்டு. அக்ரஹாரத்தில் இரண்டும் கிடையாது. பெருங்காயம் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு; பயற்றில் அது தாராளம். மண்ணச்சநல்லூர் பொன்னிச் சோற்றில் இந்தக் குழம்பை ஊற்றிப் பிசையும்போது அந்தக் கணக்கு தானாக நேராகிவிடுகிறது. அவசரத்துக்கு சாம்பார்ப்பொடி போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம். வீட்டில் யாராவது அதைச் சாம்பார் என்று சொன்னால் கோபப்படக் கூடாது.