கேட்டு நடக்கும் பூங்கா

நியூயார்க் மாநகரின் மத்தியில் விசாலமாய்ப் பரந்து கிடக்கும் சென்ட்ரல் பார்க்கில், 2004-ஆம் ஆண்டு, கனடா தேசத்துக் கலைஞர் ஜேனட் கார்டிஃப், காதில் ஹெட்போனும் கையில் சில புகைப்படங்களும் கொடுத்து, கருங்கூந்தல் மங்கை ஒருத்தியின் சுவட்டைத் தேடி ஜனங்களை நடக்க வைத்தார். இரு காதுகளின் ஸ்தானத்தில் இரு மைக்குகளை வைத்து ஒலிகளைப் பதிவு செய்தமையால், பின்னால் கேட்கும் காலடியோசை பதிவில் உள்ளதா, பிரத்தியட்சமாகவே யாரேனும் வருகிறார்களா என்று நடப்பவர் திகைக்க நேர்ந்தது. அந்த மயக்கமே, கேட்டபடி நடக்கும் இக்கலையின் ஜீவநாடி என்பேன். 2020-இல், தொற்றுநோயால் சங்கீத மண்டபங்கள் மூடிக் கிடந்த காலத்தில், அதே பூங்காவுக்கென எலன் ரீட் இயற்றிய இசையோ, நடப்பவர் நிற்கும் இடத்தைக் கைபேசியின் வாயிலாக அறிந்து, அவர் செல்லும் பாதைக்கேற்ப மாறி ஒலித்தது. பறவைக் குரலுக்குக் காதை மூடலாமா என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். ஆயினும், அவசரமாய்க் கடந்து போகிறவரை மரத்தடியில் நின்று கவனிக்கச் செய்த இவ்விரு முயற்சிகளையும் நான் மனமார வரவேற்கிறேன்.